கை நீளம்

புதுவயல் ரைஸ்மில் ரோட்டில்
பெண்கள் தையல் கடை என்னுடையது.
வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தேன்,
‘செலின் டைலர்ஸ் பிளவுஸ் டிசைன்’.
கழுத்து மாடல், பைப்பிங், முதுகுக் கயிறு,
தீபாவளிக்கு ஆர்டர் முடியும் தேதி.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
வேறெதற்கும் அல்ல.

சித்திரையில் கை நீளமாகக் கேட்டாள் ஒருத்தி.
முழங்கை தாண்டி, பதினாலு அங்குலம்.
வெயிலுக்குக் கசகசக்குமே என்றேன்.
“அது கெடக்கட்டும்க்கா.”
டேப்பைச் சுற்றினால்
மேல்கையில் நாலு விரல், கொஞ்சம் தள்ளிக் கட்டைவிரல்,
நாவற்பழ நிறத்தில்.
எனக்கு முன்னால் யாரோ அளவெடுத்திருக்கிறார்கள்.

நான் கேட்கவில்லை.
நோட்டில் எழுதினேன்:
சிகப்பி, கண்டனூர், கை 14.
பென்சிலால்.

அன்றிரவு பழைய நோட்டுகளை எடுத்து
ஆறு என்றிருந்த கை
திடீரென்று பதினைந்தான பக்கங்களை மடித்தேன்.
பதினேழு மடிப்பு.
அதில் ஒருத்தி இப்போது இல்லை.
வயிற்றுவலி தாங்காமல் என்று பேப்பரில் போட்டிருந்தது.

குரூப்பில் ஒரு வரி போட்டேன்:
“யாருக்காவது கை நீளம் கூட்டணும்னா
தனியா மெசேஜ் பண்ணுங்க.
ஏன்னு கேக்க மாட்டேன்.”
நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.
மூன்றாம் நாள் ஐந்து பேர்.
ஒருத்தி அனுப்பியது குரல்பதிவு, ஒன்பது செகண்ட்,
முழுக்க மிக்ஸி ஓடும் சத்தம்.
காதோடு வைத்து நாலு தடவை கேட்டேன்,
அதற்கடியில் பேசியிருக்கிறாள்:
“கை நீட்டுறாரு.”

தனி குரூப் ஒன்று தொடங்கினோம், ‘அவசர ஆல்ட்ரேஷன்’.
காரைக்குடி ஆஸ்பத்திரி நர்ஸ் ரஹமத் நிஷா,
ஆட்டோ ஓட்டும் பாண்டிச்செல்வி,
வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் உமையாள்.

இதே போனில்தான், சொல்லிவிடுகிறேன்,
போன வருஷம் ஒரு பாலிடெக்னிக் பிள்ளையின் முகத்தை
வேறொரு உடம்பில் ஒட்டி ஊரெல்லாம் அனுப்பினார்கள்.
என் குரூப்புக்கும் வந்தது.
அழித்தேன்.
அனுப்பியவளை நீக்கவில்லை.
நல்ல கஸ்டமர்.

ஆடி மாதம், இரவு பதினொன்றே கால்.
“அக்கா, கை நீளம் பத்தல.”

அந்த வீடு தெரியும்.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்,
நடுவே நாலு கட்டு.
முட்டைவெள்ளை பூசிய சுவர்.
கல்யாணத்துக்குப் போனவர்களெல்லாம்
பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தோம்.
முதல் கட்டில் கத்தினால் மூன்றாம் கட்டுக்குக் கேட்காது என்று
யாரும் சொல்லவில்லை.

உமையாள் கேட்டாள்: “பின்கதவு சாவி?”
“அடுப்படி ஆணியில.”
“கொலுசைக் கழட்டு.”
ரஹமத் 181-இல் பேசிக்கொண்டிருந்தாள்.
பாண்டிச்செல்வி விளக்கை அணைத்து
ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
நான் பின்வாசல் தெருவில்,
கையில் ஏன் கத்தரிக்கோல் என்று தெரியாமல்.
திரையில் ‘டைப்பிங்’ என்று வந்தது.
நின்றது.
வந்தது.
நின்றது.

பிறகு தாழ்ப்பாள் சத்தம்.

ஸ்கிரீன்ஷாட்டை யார் கொடுத்தார்களோ,
மறுவாரம் அவள் கொழுந்தன் கடைக்கு வந்து
மெஷினைக் கவிழ்த்துவிட்டுப் போனான்.
குரூப்பிலிருந்து முப்பத்தோரு பேர் வெளியேறினார்கள்.
பேஸ்புக்கில் என் போர்டைப் படமெடுத்து,
‘குடும்பம் பிரிக்கும் டைலர்’, போன் நம்பரோடு.
தொண்ணூறு ஷேர்.
கீழே வசவுகள்.
வசவுகளுக்கு நடுவே தேவகோட்டையிலிருந்து
முகமில்லாத ஒரு ஐடி:
“கடை எத்தனை மணி வரைக்கும்?
எனக்கு பிளவுஸ் தைக்கணும்.”

தை மாதம் திருச்சி ஹாஸ்டலிலிருந்து சிகப்பி வந்தாள்.
கேஸ் இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.
டேப் பட்டதும் கை சுருங்கியது.
எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.
மெஷினின் உடைந்த சக்கரத்தைப் பார்த்தாள்,
வெல்டிங் தழும்பைத் தடவினாள்.
அப்புறம் கையை அவளே நீட்டினாள்.

“ஆறு போதும்க்கா.
இறுக்கமா வேண்டாம்.”